உஷார்! அந்தக் கூரையில் கடப்பாரையை வைக்காதீர்கள்

மார்கழிக்குள் அரங்கை விரிவாக்கி முடித்துவிடத் துடிக்கும் சபா நிர்வாகிகளே, மேடைக்குப் பின்னால் இருக்கும் பழைய ஷெட்டின் கூரையை நிமிர்ந்து பாருங்கள். சாம்பல் நிறத்தில் அலை அலையாக ஷீட் தெரிகிறதா? அது கல்நாராக, அதாவது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம்.

அண்மையில் ஓர் அரங்கில் பார்த்தேன். மேலே இரண்டு பேர் சம்மட்டியால் ஷீட்டை உடைத்துத் தள்ள, கீழே ஒரு சித்தாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு துண்டுகளைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார். வெயில் கீற்றில் தூசி மினுங்கியது. பக்கத்து அறையில் பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு! வயிறு கலங்கிவிட்டது எனக்கு. கல்நார் இழை முந்தானைக்கும் துணி முகமூடிக்கும் அடங்காது. நுரையீரலில் தங்கிவிட்டால், புற்றுநோயாகத் தலைகாட்ட 20, 30 வருடம்கூட ஆகும். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் தரும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இங்கோ வெள்ளைக் கல்நார் ஷீட்டுக்குத் தடையே இல்லை.

பெர்லினில் 1976-ல் திறந்த 'பலாஸ்ட் டெர் ரெப்பூப்ளிக்' மாளிகையில் பெரிய கலையரங்கும் இருந்தது. இரும்புச் சட்டத்தில் தெளித்திருந்த கல்நாரால் 1990-ல் இழுத்து மூடினார்கள். அந்தக் கல்நாரை அகற்ற மட்டும் 1998 முதல் 2003 வரை ஆனது.

அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள் என்று இருந்துவிடாதீர்கள். 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டுமானத்துக்குத்தான் சுற்றுச்சூழல் முன் அனுமதி கட்டாயம். உங்கள் சபா அதில் வராது. அப்படியானால் காவல் நீங்கள்தான். ஷீட்டில் ஒரு துண்டை நனைத்து எடுத்து, மூடிய பையில் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். கல்நார்தான் என்றால், தகுந்த முகக்கவசம் அணிந்த பயிற்சி பெற்ற ஆட்களை வைத்து, தண்ணீர் தெளித்து, போல்ட்டைக் கழற்றி முழு ஷீட்டாகவே இறக்கச் சொல்லுங்கள். கட்டிங் மெஷின் கூடவே கூடாது. இடிபாட்டோடு சேர்த்துப் பள்ளத்தில் கொட்டவும் விடாதீர்கள்.

புதுக் கட்டுமானத்திலும் கண் வேண்டும். கான்கிரீட்டின் வலிமையைச் சோதிக்கும் கியூப் டெஸ்டுக்கென்று தனியாகச் சிமெண்ட் தூக்கலாகக் கலக்கும் ஆட்கள் உண்டு. அரங்கின் புதுப் பால்கனிக்குக் கொட்டும் அதே கலவையிலிருந்து, உங்கள் கண்ணெதிரே 15 சென்டிமீட்டர் அச்சுகளை நிரப்பச் சொல்லி, தேதியும் கையெழுத்தும் போட்டு வையுங்கள். எம்25 தரக் கான்கிரீட் என்றால் 28-ஆம் நாள் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் தாங்க வேண்டும். அந்த ரிப்போர்ட் கைக்கு வரும்வரை, மார்கழியே பிறந்தாலும் சரி, பால்கனியில் ஒரு நாற்காலிகூடப் போடாதீர்கள்.