கலம் அழியினும் குறிப்பு அழியலாகாது

கப்பல் மூழ்கினும் அதன் பயணக் குறிப்பேடு தப்பினால், நேர்ந்தது யாதென ஓரளவு அறியலாம். கணினித் துறைக்கும் இது பொருந்தும். 2013ஆம் ஆண்டில் வெளிவந்த டொக்கர், மென்பொருள்களைத் தனித்தனிக் கொள்கலன்களில் இயக்கும் முறையைப் பரப்பிற்று. கொள்கலன் நீக்கப்படின், வழக்கமாக அதன் நிகழ்வுப் பதிவுகளும் உடன் அழியும். பழுதின் காரணமும் மறைந்துபோம். ஆதலின் எல்லாப் பதிவுகளையும் உடனுக்குடன் ஓரிடத்தே திரட்டுதல் வேண்டும். லொக்ஸ்டாஷ் அவற்றைப் பெற்று ஒழுங்கு செய்யும். எலாஸ்டிக்சேர்ச் சேமித்துத் தேடித் தரும். கிபானா திரையிற் காட்டும். கணினிகளின் கடிகாரங்கள் ஒத்திராவிடின், எது முன் நிகழ்ந்தது, எது பின் நிகழ்ந்தது என்பது விளங்காது. இம்மூன்றையும் கொள்கலன்களிலேயே நிறுவலாம். ஆயினும் எலாஸ்டிக்சேர்ச்சின் தரவுகளைக் கொள்கலனுக்குப் புறம்பான நிலையான சேமிப்பிடத்தில் வைத்தல் இன்றியமையாதது. அன்றேல், கப்பலோடு குறிப்பேடும் மூழ்கிய கதையாகவே முடியும்.