விலை குறையும், செலவு குறையாது: பழைய சொகுசுக் கார் வாங்குவோர் கவனத்திற்கு



சென்ற மாதம் ஒரு தம்பி நம் அலுவலகத்துக்கு வந்தார். ஏழு வருடம் சவூதியில் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர். சேமிப்பாகக் கையில் இருப்பது பத்து லட்சம் ரூபாய். "காக்கா, புதுசுல ஐம்பது லட்சத்துக்கு வித்த ஜெர்மன் கார், இப்ப எட்டு லட்சத்துக்குக் கிடைக்குது. கல்யாண வாடகைக்கு விட்டா ரெண்டு வருஷத்துல போட்ட பணம் வந்துடும். வாங்கலாமா?" என்று கேட்டார். இதே கேள்வியோடு வேறு சிலரும் வந்திருப்பதால், அவருக்குச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஓர் அடிப்படை உண்மை. பத்து ஆண்டுகளில் காரின் விலை ஐம்பது லட்சத்திலிருந்து எட்டு லட்சமாக இறங்கலாம். அதன் உதிரி பாகங்களின் விலை அப்படி இறங்குவதில்லை. எட்டு லட்சம் கொடுத்து வாங்கினாலும், பட்டறையில் அது ஐம்பது லட்ச ரூபாய்க் கார்தான். ரன்-ஃபிளாட் டயர் நான்கையும் மாற்றினால் லட்சத்தை நெருங்கும். கம்பெனி ஷோரூமில் எல்.இ.டி. முகப்பு விளக்கு ஒன்றை மாற்றவே பல மாடல்களில் லட்சம் ரூபாய் தாண்டிவிடும். இவை பழுதுகூட அல்ல, தேய்மானமும் சிறு விபத்தும்தான்.

இனி, வழக்கமாக வரும் பெரிய பழுதுகளைப் பார்ப்போம்.

ஏர் சஸ்பென்ஷன்: பென்ஸ் போன்ற சில கார்களில் இரும்புச் சுருளுக்குப் பதிலாகக் காற்று நிரம்பிய ரப்பர்ப் பை இருக்கும். ஆண்டுகள் போகப்போக ரப்பர் வெடித்துக் காற்று கசியும். இரவு நேராக நிறுத்திய கார் காலையில் ஒரு மூலையில் தாழ்ந்து நின்றால் இதுதான் காரணம். அதைச் சரிசெய்யாமல் ஓட்டினால், ஓயாமல் காற்றடிக்கும் கம்ப்ரஸரும் எரிந்துபோகும். ஒரு செலவு இரண்டாகிவிடும்.

டைமிங் செயின்: பி.எம்.டபிள்யூ 2 லிட்டர் டீசல் கார்களில் 2007 முதல் வந்த என்47 எஞ்சினில் இந்தச் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. குறிப்பாக 2011-க்கு முந்திய எஞ்சின்களில் இது தேய்ந்து அறுந்த சம்பவங்கள் பல. செயினை மாற்ற எஞ்சினையோ கியர்பாக்ஸையோ கீழே இறக்க வேண்டும் என்பதால் கூலியே பெரிய தொகை. ஓடும்போது அறுந்தால் எஞ்சினே போய்விடும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, பின்பக்கம் சங்கிலி உரசும் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள்.

கியர்பாக்ஸ் ஆயில்: "இதற்கு ஆயுள் முழுக்க ஆயில் மாற்ற வேண்டாம்" என்று விற்பவர் சொல்வார். பல சொகுசுக் கார்களுக்கு எட்டு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டியைச் செய்து கொடுக்கும் இசட்.எஃப். நிறுவனமே, 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால், அந்தச் செலவு உங்கள் தலையில் என்று கணக்கு வையுங்கள்.

டி.பி.எஃப்.: டீசல் புகையின் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இது. பி.எஸ்.6 டீசல் கார்களிலும் அதற்கு முந்திய சிலவற்றிலும் உண்டு. நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் ஓடினால்தான் கரி எரிந்து சுத்தமாகும். கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓட்டினால் அடைத்துக்கொள்ளும். புதிதாக மாற்றுவது லட்சக் கணக்கில் போகும்.

திரும்ப அழைப்பு: 2018-ல் தென்கொரியாவில் பி.எம்.டபிள்யூ டீசல் கார்கள் பல தீப்பிடித்தன. புகையைக் குளிர்விக்கும் ஈ.ஜி.ஆர். கூலரில் ஏற்பட்ட கசிவே காரணம் என்று கண்டறிந்து, உலகெங்கும் சுமார் 16 லட்சம் கார்களை நிறுவனம் திரும்ப அழைத்தது. இத்தகைய வேலையை நிறுவனமே இலவசமாகச் செய்து தரும். எந்தக் கம்பெனிக் காராக இருந்தாலும், சேசிஸ் நம்பரைக் கொடுத்து ஷோரூமில் கேட்டுவிடுங்கள்.

காப்பீடு இருக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். ஆனால் காப்பீடு விபத்துக்குத்தான், தேய்மானப் பழுதுக்கு அல்ல. விபத்திலும், 'ஜீரோ டெப்' இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களின் விலையில் பாதியை நாம்தான் கட்ட வேண்டும். பழைய கார்களுக்கு ஜீரோ டெப் எளிதில் கிடைக்காது. மேலும், பழுதுச் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது முழு இழப்பாகக் கருதப்படும். எட்டு லட்சம் மதிப்புள்ள சொகுசுக் காருக்கு ஆறு லட்ச ரூபாய் பில் வருவதற்குப் பெரிய விபத்து தேவையில்லை.

வாடகை ஆசைக்கும் ஒரு வார்த்தை. வெள்ளை நம்பர் பிளேட் வண்டியை வாடகைக்கு விடுவது சட்டப்படி குற்றம். அப்போது விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க முடியும்.

இவ்வளவும் தெரிந்து வாங்குவதென்றால், முன்பணம் கொடுக்கும் முன் இவற்றைச் செய்யுங்கள்:

1. அந்தக் கம்பெனிக் காரில் பழகிய மெக்கானிக்கை அழைத்துப்போய் ஸ்கேனர் போட்டுப் பாருங்கள். மீட்டரைக் குறைத்து வைத்திருந்தாலும், பல கார்களில் மற்ற கணினிப் பெட்டிகளில் உண்மையான கிலோமீட்டர் பதிந்திருக்கும்.

2. ஷோரூம் சர்வீஸ் பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள்.

3. சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கறையோ, தரைவிரிப்புக்குக் கீழே துருவோ இருந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டி. 2015, 2023 சென்னை வெள்ளங்களை மறந்துவிடாதீர்கள்.

4. ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிவு நீக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெளிமாநில வண்டியானால் என்.ஓ.சி.யும் இங்கே கட்ட வேண்டிய வரியும் சேர்த்துக் கணக்கிடுங்கள். டெல்லியில் பத்து ஆண்டு தாண்டிய டீசல் கார்களுக்குத் தடை வந்த பிறகு, அங்கிருந்து வரும் 'மலிவு' வண்டிகள் அதிகம்.

5. கார் விலையில் மூன்றில் ஒரு பங்காவது பழுதுக்கென்று தனியாக எடுத்து வைக்க முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் அந்தக் கார் உங்களுக்கு உரியதல்ல.

நம் தம்பி நாலாயிரம் ரூபாய் கொடுத்து அந்தக் காரைச் சோதித்தார். முன்பக்கம் ஒரு சஸ்பென்ஷன் கசிவு, கியர்பாக்ஸில் உதறல், மீட்டரில் 62,000, ஸ்கேனரில் 1,40,000. காரை வேண்டாமென்று விட்டுவிட்டார். அந்த நாலாயிரம் வீண்தானே என்று வீட்டில் கேட்டார்களாம். பத்து லட்சம் பத்திரமாக இருக்கிறது என்று பதில் சொன்னாராம்.