எதிர்க்காற்றும் நீராகாரமும்

வெளிமாநிலங்களில் அலுவல் பார்க்கும் நம்மவர்க்கு, விடுமுறை என்றதும் சொந்த ஊர் செல்லும் ரயிலே நினைவுக்கு வருகிறது. நாம் வாழும் மாநிலத்தையே கண்டு மகிழ ஒரு சைக்கிள் போதும் என்பதைப் பெரும்பாலும் எண்ணுவதில்லை. ஒடிஷாவில் பணியாற்றும் நாங்கள் மூவர், சென்ற பங்குனியில் ஒரு நாள், புரியிலிருந்து கோனார்க் வரை சைக்கிளில் சென்று மீண்டோம். அன்று கற்ற பாடத்தை நேயர்களுக்குக் கூற விரும்புகிறோம்.

இக்கடற்கரைச் சாலை ஏறக்குறைய 35 கிலோமீட்டர் நீளமுடையது; மேடு பள்ளம் மிகக் குறைவு. இருமருங்கிலும் சவுக்கும் முந்திரியும் நிற்கின்றன. ஆயினும், 2019 மே 3 அன்று புரிக்கருகே கரை கடந்த ஃபானி புயல் மிகப் பல மரங்களைச் சாய்த்துவிட்டது. ஆதலின் வழி நெடுக நிழல் இருக்கும் என நம்புதல் தகாது.

காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். காற்று அடங்கியிருந்தது. சந்திரபாகா கடற்கரையில் சற்றே தங்கி, ஒன்பது மணிக்குக் கோனார்க்கை அடைந்தோம். 13ஆம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்ம தேவர் எழுப்பிய சூரியன் கோயில், 24 சக்கரங்களும் 7 குதிரைகளும் பூண்ட கல் தேராகும். ஏறத்தாழ 3 மீட்டர் குறுக்களவுள்ள அச்சக்கரங்களின் முன் எங்கள் சக்கரங்களை மறந்தோம். திரும்பும்போது மணி பதினொன்றரை.

அதுவே நாங்கள் செய்த பிழை. வெயில் ஏறுகையில் நிலம் கடலினும் விரைவில் சூடாகிறது. நிலத்தின்மேலுள்ள காற்று இலேசாகி மேலெழ, கடற்காற்று கரைநோக்கிப் பாய்கிறது. அப்பருவத்தில் அங்கே அது பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும். புரியும் அத்திசையிலேயே உள்ளது. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர்மீது அதே வேகத்தில் காற்று எதிர்த்து வீசினால், காற்றின் தடை இரு மடங்கன்று, நான்கு மடங்காகிறது.

ராமசண்டி கோயிலைக் கடந்து சில கிலோமீட்டர் சென்றதும், எங்களுள் மூத்தவருக்குக் கெண்டைக்காலில் குரக்குவலி கண்டது, தலையும் சுற்றியது. குடிநீர் தீர்ந்திருந்தது. "ஒன்றுமில்லை, போகலாம்" என்றார் அவர். நாங்கள் இசையவில்லை. சாலையோரத் தேநீர்க் கடையின் நிழலில் அவரைப் படுக்கவைத்து, முகத்தையும் கழுத்தையும் நனைத்தோம். கடைக்கார அம்மையார் ஒரு செம்பில் உப்பிட்ட 'தோராணி' கொணர்ந்தார். சுவைத்துப் பார்த்தால், நம் வீட்டு நீராகாரமே! பழைய சோற்று நீரும் உப்பும், வியர்வையில் இழந்ததை ஓரளவு ஈடுசெய்தன. காசு கொடுத்தோம், அவர் வாங்க மறுத்துவிட்டார்.

ஒரு மணி நேரம் கழிந்தபின் நண்பர் தேறினார். எனினும் அவரையும் அவர் சைக்கிளையும் ஒரு சிறு சரக்கு வண்டியில் ஏற்றி, எங்களில் ஒருவர் துணையாக அனுப்பினோம். எஞ்சிய ஒருவர், காற்றுத் தணிந்த மாலையில் மெல்ல மிதித்துப் புரி சேர்ந்தார்.

ஆகவே, நீண்ட தூரம் செல்ல விரும்பும் அன்பர்கள் தூரத்தை மட்டும் கணக்கிட வேண்டா. திரும்பும் வேளையில் காற்று எத்திசையில் வீசும் என்பதையும் கேட்டறிக. நீரோடு உப்பும் கொண்டு செல்க. உடன் வருபவர் தளர்ந்தால், அவர் "ஒன்றுமில்லை" என்று சொன்னாலும் வண்டியை நிறுத்துக. பயணம் மறுவாரமும் வாய்க்கும்.