மதிப்பெண் சொல்லாததை மதிப்பீடு சொல்லும்

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பு நான் இளநிலைப் பொருளாதார வகுப்புக்குப் பாடம் நடத்திக் கொண்டிருந்தபோது, கடைசி வரிசையில் ஒரு மாணவர் அமர்ந்திருப்பார். காய்கறி மொத்த வியாபாரம் செய்யும் குடும்பத்திலிருந்து வந்தவர். ஒரு நாள் மழை பெய்தால் மறுநாள் சந்தையில் தக்காளி விலை எப்படி ஏறும், எந்த வியாபாரி சரக்கை நிறுத்தி வைப்பார், கத்தரிக்காயின் விலை ஏன் அதே அளவுக்கு உயராது என்று அவர் வகுப்பில் அளித்த விளக்கம், என் கையிலிருந்த பாடநூலைவிடத் தெளிவாக இருந்தது.

அதே மாணவரின் விடைத்தாள் வேறு கதை சொன்னது. எழுத்துகள் இடம் மாறியிருந்தன. சொற்கள் பாதியில் நின்றன. மூன்று மணி நேரத் தேர்வில் இரண்டு பக்கங்களே நிரம்பியிருந்தன. நான் சிவப்பு மையில் 'அக்கறையின்மை' என்று எழுதி, தேர்ச்சிக்குக் குறைவான மதிப்பெண் இட்டேன். இரண்டாம் ஆண்டின் நடுவில் அவர் கல்லூரிக்கு வருவதை நிறுத்திவிட்டார். அவருக்கு இருந்தது அக்கறையின்மையா, கற்றல் குறைபாடா என்பதை இன்று என்னால் சொல்ல இயலாது. அதைத் தெரிந்துகொள்ள யாரும் முயலவில்லை, நானும் முயலவில்லை.

அந்த முயற்சிக்கு இன்று ஒரு பெயர் உண்டு. தனிநபர் உளவியல் மதிப்பீடு என்பது அது. ஒரு குழந்தை ஏன் படிக்கவோ, எழுதவோ, கணக்கிடவோ, ஓரிடத்தில் கவனம் செலுத்தவோ சிரமப்படுகிறது என்பதை, பயிற்சி பெற்ற உளவியலாளர் அந்தக் குழந்தையுடன் தனியே அமர்ந்து, பல மணி நேரம் செலவிட்டுக் கண்டறியும் முறை.

இச்சிக்கல் புதியதன்று. 1896-இல் இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கிள் மார்கன், 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். கூர்மையான அறிவுடைய அச்சிறுவனால் எளிய சொற்களைக்கூட வாசிக்க முடியவில்லை. பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே சிறந்த மாணவன் இவனாகத்தான் இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் கருதியதாகவும் அவர் பதிவு செய்தார். 'டிஸ்லெக்ஸியா' எனப்படும் வாசிப்புக் குறைபாடு குறித்த தொடக்ககாலப் பதிவுகளுள் இது முக்கியமானது.

வாசிப்பில் டிஸ்லெக்ஸியா, எழுத்தில் டிஸ்கிராஃபியா, கணக்கில் டிஸ்கால்குலியா ஆகியவை குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகள் எனப்படுகின்றன. ஆட்டிசமும், ஏடிஹெச்டி எனப்படும் கவனக்குறைவு - மிகைச் செயல்பாடும் இவற்றிலிருந்து வேறானவை. எனினும், ஒரே குழந்தையிடம் இவற்றில் இரண்டு சேர்ந்திருப்பதும் உண்டு. மனித மூளைகள் அனைத்தும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை அல்ல, வேறுபாடு எல்லாம் நோயும் அல்ல என்னும் 'நரம்பியல் பன்மை' கருத்து 1990-களில் ஆட்டிசம் உடையோரிடையே உருவாகி, இன்று கல்வியாளர்களும் ஏற்கும் பார்வையாக வளர்ந்துள்ளது.

மதிப்பீடு ஏன் தனிநபருக்கானதாக இருக்க வேண்டும்? பொருளாதாரம் படித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு மாநிலத்தின் சராசரி வருமானம், அங்குள்ள ஒரு குடும்பத்தின் அடுப்பு எரிகிறதா என்பதைச் சொல்லாது. அதுபோலவே, ஒரு குழந்தையின் மொத்த நுண்ணறிவு ஈவு அதன் திறன்களின் ஏற்ற இறக்கத்தைச் சொல்லாது. சொல்லாற்றலில் மிக உயர்ந்தும், கேட்டதைச் சற்று நேரம் மனத்தில் நிறுத்தி வைக்கும் செயல் நினைவாற்றலில் மிகத் தாழ்ந்தும் உள்ள குழந்தையும், எல்லாவற்றிலும் நடுத்தரமாக உள்ள குழந்தையும் ஒரே மொத்த எண்ணைப் பெறக்கூடும். இருவருக்கும் ஒரே விதமாகக் கற்பிப்பது பயன் தராது.

முறையான மதிப்பீடு கேள்வித்தாளில் தொடங்குவதில்லை. பெற்றோரிடம் பேசுவதில் தொடங்குகிறது. குழந்தை எப்போது பேசத் தொடங்கியது, வீட்டில் பேசும் மொழி எது, எத்தனை பள்ளிகள் மாறியது, குடும்பத்தில் வேறு எவருக்கேனும் இச்சிரமம் இருந்ததா என்பவை கேட்கப்படும். பார்வையும் செவித்திறனும் சோதிக்கப்பட்டனவா என்பது உறுதி செய்யப்படும். அதன் பிறகே நுண்ணறிவுத் தேர்வு, வாசிப்பு, எழுத்து, கணக்குத் தேர்வுகள், ஒலிகளைப் பிரித்தறியும் திறன், கவனம், மனநிலை ஆகியவை ஆராயப்படும். ஒரே அமர்வில் இது பெரும்பாலும் முடிவதில்லை.

மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் தடுமாறும் மூன்று குழந்தைகளை எண்ணிப் பார்ப்போம். ஒருவனுக்குக் கரும்பலகை சரியாகத் தெரியவில்லை. இன்னொருத்தி செங்கல் சூளைக்குச் செல்லும் பெற்றோருடன் ஆண்டில் பாதி நாள்கள் இடம்பெயர்பவள். மூன்றாமவன் நன்றாகப் பார்க்கிறான், நாள்தோறும் பள்ளிக்கு வருகிறான், ஆனாலும் எழுத்தையும் ஒலியையும் அவனால் இணைக்க முடியவில்லை. ஆசிரியரின் ஏட்டில் மூவரும் 'மெதுவாகக் கற்பவர்' என்றே பதிவாகின்றனர். முதல் குழந்தைக்குக் கண்ணாடி, இரண்டாவது குழந்தைக்குத் தொடர்ச்சியான பள்ளிக் கல்வி, மூன்றாவது குழந்தைக்குத் தனிப்பயிற்சி முறை தேவை. குறைபாடு இல்லாத குழந்தையிடம் 'இல்லை' என்று உறுதியாகச் சொல்வதும் மதிப்பீட்டின் கடமையே.

இங்கு மொழி குறித்த கேள்வி ஒன்றும் எழுகிறது. வாசிப்புக் குறைபாடு குறித்த ஆய்வுகளில் பெரும்பகுதி ஆங்கிலத்தை அடிப்படையாகக் கொண்டவை. தமிழ் எழுத்து முறை அதிலிருந்து வேறுபட்டது. 'கெ' என்னும் எழுத்தில் மெய்யின் ஒலி முதலில் வருகிறது. ஆனால், உயிரின் குறி அதற்கு முன்னால் நிற்கிறது. 'கொ' என்பதில் குறி இருபுறமும் நிற்கிறது. 'கடல்', 'பகல்', 'சங்கு' ஆகிய மூன்றிலும் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. ல, ள, ழ வேறுபாடும், ந, ன, ண வேறுபாடும் பல குழந்தைகளின் வீட்டுப் பேச்சில் இல்லை. 'போயிட்டான்' என்று பேசும் குழந்தை புத்தகத்தில் 'போய்விட்டான்' என்று வாசிக்க வேண்டும்.

ஆகவே, தமிழ்க் குழந்தை செய்யும் பிழைகளில் எவை வயதுக்கு இயல்பானவை, எவை குறைபாட்டின் அறிகுறிகள் என்பதைத் தமிழில் தரப்படுத்தப்பட்ட கருவியால்தான் பிரித்தறிய முடியும். மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் உருவாக்கி 2015-இல் வெளிவந்த 'டாலி' என்னும் மதிப்பீட்டுக் கருவி, தொடக்கத்தில் ஹிந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் அமைந்தது. தமிழ்வழியில் படிக்கும் குழந்தையை ஆங்கிலக் கருவியால் அளப்பது, முழக்கோலால் எடையை அளப்பதற்கு ஒப்பாகும்.

சட்டத்தைப் பொருத்தவரை நாம் பின்தங்கியவர்கள் அல்லர். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை குறைபாடுகளை ஏற்றது; குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அவற்றுள் அடங்கும். கற்றல் குறைபாட்டை இயன்றவரை விரைவாகக் கண்டறிந்து, தகுந்த கற்பித்தல் நடவடிக்கை எடுப்பதைக் கல்வி நிறுவனங்களின் கடமையாக அச்சட்டத்தின் 16-ஆவது பிரிவு விதிக்கிறது. எனினும், ஏடிஹெச்டி அந்தப் பட்டியலில் தனியாக இடம்பெறவில்லை.

தமிழகப் பொதுத்தேர்வுகளில் டிஸ்லெக்ஸியா உள்ள மாணவர்களுக்குச் 'சொல்வதை எழுதுபவர்', கூடுதல் நேரம், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு ஆகிய சலுகைகள் உண்டு. எழுதும்போது கை இறுகிப் பிடித்துக்கொள்ளும் பாதிப்புடைய ஒருவர் குடிமைப் பணித் தேர்வு தொடர்பாகத் தொடர்ந்த வழக்கில், 40 சதவீத அளவை எட்டினால்தான் உதவி என்று கட்டுப்படுத்தக் கூடாது என 2021-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சட்டம் இருந்தும் பயன் ஏன் எல்லோரையும் எட்டவில்லை? சலுகைக்குச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு மதிப்பீடு வேண்டும். மதிப்பீட்டுக்கு உளவியலாளர் வேண்டும். இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர்கள் பெரும்பாலும் பெருநகரங்களில் உள்ளனர். தனியார் மையத்தில் கட்டணம் ஆயிரக்கணக்கான ரூபாய். அரசு மருத்துவமனையில் கட்டணம் இல்லை என்றாலும், கூலித் தொழிலாளியான தாய் இரண்டு மூன்று முறை குழந்தையுடன் மாவட்டத் தலைநகருக்குப் பயணம் செய்ய வேண்டும். பேருந்துக் கட்டணத்துடன் ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு நாள் கூலியும் போகும். இதைத்தான் பொருளாதாரத்தில் 'வாய்ப்புச் செலவு' என்கிறோம். இலவசம் என்று எழுதப்பட்ட பல சேவைகள் ஏழைக்கு இலவசமாக அமைவதில்லை.

விளைவு தலைகீழானது. வசதி படைத்த குடும்பத்தின் குழந்தைக்குக் கற்றல் குறைபாடு என்ற பெயரும் உதவியும் கிடைக்கின்றன. ஏழைக் குழந்தைக்கு 'மக்கு' என்ற பெயர் மட்டுமே கிடைக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வு ஒரு படி மேலே சென்றால் என்ன ஆகும் என்பதை 2019-இல் அமெரிக்காவில் அம்பலமான கல்லூரிச் சேர்க்கை ஊழல் காட்டியது. தேர்வில் கூடுதல் நேரம் பெறுவதற்காகச் செல்வந்தர் சிலர், குறைபாடு இல்லாத தம் பிள்ளைகளுக்குக் கற்றல் குறைபாடு இருப்பதாகச் சான்று பெற்றனர். அதைக் காரணம் காட்டிச் சலுகைகளை நெருக்குவது, உண்மையில் தேவையுள்ளோரைத் தண்டிப்பதாகும். பொது நிறுவனங்களில் தரமான மதிப்பீடு பரவலாகக் கிடைப்பதே முறைகேட்டுக்கும் நல்ல மருந்து.

மற்றோர் எச்சரிக்கையும் தேவை. நுண்ணறிவுத் தேர்வின் முன்னோடியான ஆல்பிரட் பினே, தியோடர் சிமோனுடன் இணைந்து 1905-இல் பாரீஸில் தம் தேர்வை உருவாக்கியது, கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகளை அடையாளம் காண்பதற்காகத்தான். அறிவு மாறாத அளவுடையது என்னும் கருத்தை அவர் ஏற்கவில்லை. ஆனால், அவர் காலத்துக்குப் பின் அமெரிக்காவில் அதே கருவி மனிதர்களைத் தரம் பிரித்து ஒதுக்குவதற்குப் பயன்படுத்தப்பட்டது. உதவிக்கான கருவி எளிதில் முத்திரைக்கான கருவியாகிவிடும். கற்றல் குறைபாடு என்று அறிந்தவுடன் மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுக்கும் பள்ளியும், அந்த அச்சத்தால் மதிப்பீட்டையே தவிர்க்கும் பெற்றோரும் இன்றும் உண்டு.

என்ன செய்யலாம்? அடித்தளம் ஏற்கெனவே உள்ளது. 2022-இல் தமிழக அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில், தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பகுக்கப்படுகின்றனர். முறையாகக் கற்பித்த பிறகும் ஒரு குழந்தை நீண்ட காலம் அரும்பு நிலையிலேயே இருக்குமானால், அதுவே அக்குழந்தையை நுணுகிப் பார்க்க வேண்டும் என்பதற்கான அறிகுறி. அத்தகைய குழந்தைகளின் பட்டியல் வட்டார வள மையத்துக்குச் செல்ல வேண்டும். அங்குள்ள சிறப்பாசிரியர் முதல்கட்டப் பரிசோதனை செய்ய வேண்டும். அதன் பின்னும் தெளிவு கிட்டாத குழந்தைகளுக்காக, உளவியலாளர் குறிப்பிட்ட நாள்களில் அந்த மையத்துக்கே வர வேண்டும். தாய் கூலியை இழந்து அலைவதைவிட, வல்லுநர் பயணம் செய்வது சமூகத்துக்குச் செலவு குறைந்தது.

கற்றல் குறைபாட்டுக்கான சான்றிதழை 8 வயதிலிருந்து வழங்க 2018-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் வகை செய்தன. ஆனால், உதவி அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. சான்றிதழுக்கு வயது வரம்பு இருக்கலாம். கற்பித்தலை மாற்றிப் பார்ப்பதற்கு எந்த வரம்பும் இல்லை. குழந்தைப் பருவத்தின் தொடக்கத்தில் செய்யப்படும் முதலீடே அதிகப் பலன் தரும் என்பதைப் பொருளாதார நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் ஹெக்மனின் ஆய்வுகள் வலியுறுத்துகின்றன. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு மூன்று மாதங்களுக்கு முன் சான்றிதழுக்காக ஓடுவது, பயிர் வாடிய பின் வாய்க்கால் வெட்டுவதாகும்.

அனைத்துக்கும் மேலாக, மதிப்பீட்டு அறிக்கை ஆசிரியருக்குப் புரிய வேண்டும். ஆங்கிலத்தில் பத்துப் பக்கம் எண்களை அடுக்கிய அறிக்கை பெற்றோரின் பெட்டியில் உறங்குவதால் எவருக்கும் பயனில்லை. அத்துடன் தமிழில் ஒரே ஒரு பக்கம் இணைக்கப்பட வேண்டும். 'இவனுக்கு ஒரு நேரத்தில் ஒரு கட்டளை மட்டும் கொடுங்கள்', 'வகுப்பின் முன் உரக்க வாசிக்கச் சொல்லாதீர்கள்', 'கரும்பலகையைப் பார்த்து எழுதுவதற்குப் பதில் அச்சிட்ட தாளைக் கொடுங்கள்', 'வரலாற்றுப் பாடத்தில் வாய்மொழியாகக் கேட்டுப் பாருங்கள், நன்றாகச் சொல்வான்' என்பன போன்ற ஐந்தாறு குறிப்புகள் போதும். குழந்தையால் எது முடியாது என்பதுடன், எது நன்றாக முடியும் என்பதும் அதில் இடம்பெற வேண்டும்.

இதற்கெல்லாம் நிதி எங்கே என்ற கேள்வி எழும். ஒரு வகுப்பில் தேங்கி, பின்னர் பள்ளியைவிட்டே விலகும் குழந்தைக்காக அரசு ஏற்கெனவே செலவிட்ட தொகையும் பொது நிதிதான். ஒரு மாணவருக்குச் செலவிடும் சில மணி நேர மதிப்பீடு, அந்தப் பத்தாண்டுச் செலவை வீணாகாமல் காக்கும்.

சிவப்பு மையில் நான் எழுதிய அந்த ஒற்றைச் சொல்லுக்கு அடிப்படையாக இருந்தது இரண்டு பக்க விடைத்தாள் மட்டுமே. தக்காளி விலையை அவ்வளவு தெளிவாக விளக்கியவர் ஏன் அதை எழுதவில்லை என்று அன்று ஒரு முறை அவரிடம் கேட்டிருக்கலாம். இன்று வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர்கள், 'அக்கறையின்மை' என்று எழுதுவதற்கு முன் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். அதற்கு விடை காண உதவும் வல்லுநரை அவர்களுக்கு எட்டும் தொலைவில் அமர்த்துவது அரசின் பொறுப்பு.

கட்டுரையாளர்: பேராசிரியர் (ஓய்வு).