மூலக்கூறின் வடிவம் சொல்வதும் சொல்லாததும்

"இம்மருந்து உடலுக்குத் தீங்கு செய்யாது என்பதை எப்படி முன்கூட்டியே அறிகிறார்கள்?" நோயாளிகளும் குடும்பத்தினரும் எழுப்பும் நியாயமான கேள்வி இது. விடையின் ஒரு பகுதி, மருந்தினுடைய மூலக்கூறின் வடிவத்திலேயே அடங்கியுள்ளது.

ஒரு சேர்மத்தில் எந்த அணு எதனோடு இணைந்துள்ளது என்பதைப் பொறுத்தே அது உடலில் எங்கே ஒட்டும், எதைத் தடுக்கும், எவ்வாறு சிதையும் என்பவை பெரிதும் அமைகின்றன. புதிய சேர்மம் ஒன்றின் வடிவத்தைக் கணினிக்கு அளித்தால், ஏற்கெனவே சோதிக்கப்பட்ட ஏராளமான சேர்மங்களோடு ஒப்பிட்டு, ஐயத்துக்குரிய பகுதிகளை அது சுட்டிக்காட்டும். அவை பின்னர் ஆய்வகத்தில் சோதிக்கப்படும்.

வடிவத்தில் நேரும் சிறு மாற்றம் எத்தகைய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்கு டெர்ஃபெனடின் சிறந்த சான்று. உறக்கம் தராத ஒவ்வாமை மருந்தாக அது 1985-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. உட்கொண்ட மருந்தில் பெரும்பகுதியைக் கல்லீரல் உடனே வேறொரு பொருளாக மாற்றிவிடும். ஆனால் பூஞ்சைத் தொற்றுக்கான கீட்டோகோனசோல், நுண்ணுயிர்க்கொல்லியான எரித்ரோமைசின் ஆகியவற்றை உடன் உட்கொண்டோருக்கு இம்மாற்றம் தடைப்பட்டது. மாறாத டெர்ஃபெனடின் இரத்தத்தில் பெருகி, இதயச் செல்களில் பொட்டாசியம் வெளியேறும் வாயிலை அடைத்தது. இதயத் துடிப்பு சீர்குலைந்து, சிலர் உயிரிழக்கவும் நேர்ந்தது. 1998-இல் அம்மருந்து அமெரிக்கச் சந்தையிலிருந்து நீக்கப்பட்டது.

கல்லீரல் உருவாக்கிய அந்த மாற்றுப் பொருளே ஃபெக்சோஃபெனடின். இன்று நம் மருந்துக் கடைகளிலும் கிடைப்பது. டெர்ஃபெனடினின் ஒரு முனையிலுள்ள மெத்தில் தொகுதிக்குப் பதிலாக இதில் ஓர் அமிலத் தொகுதி உள்ளது. வேறுபாடு அவ்வளவே. ஆயினும் ஒவ்வாமையைத் தணிக்கும் ஆற்றல் நிலைத்தது; வழக்கமான அளவில் இதய வாயிலை அடைக்கும் இயல்பு மறைந்தது. இப்போது புதிய மருந்துகள் இந்த வாயிலை அடைக்குமா என்பதை மனிதருக்குக் கொடுக்கும் முன்பே ஆராய்வது வழக்கமாகிவிட்டது.

எனினும் வடிவம் சொல்லாத ஒன்று உண்டு. அம்மருந்தை உட்கொள்பவர் யார், அவருடைய கல்லீரலும் சிறுநீரகமும் எந்நிலையில் உள்ளன, உடன் வேறென்ன உட்கொள்கிறார் என்பவற்றை எந்த மூலக்கூறும் அறியாது. டெர்ஃபெனடின் பலருக்குத் தனியே தீங்கு செய்யவில்லை. பெரும்பாலும் உடன் சேர்ந்த மருந்தினாலேயே ஆபத்து விளைந்தது. ஃபெக்சோஃபெனடினையும் பழச்சாற்றுடன் விழுங்கினால் உடலில் சேரும் அளவு குறையும், தண்ணீரே ஏற்றது.

ஆகவே மருத்துவரைக் காண வரும்போது, நீங்கள் உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் அட்டைகளையும் குப்பிகளையும் எடுத்து வாருங்கள். சித்த, ஆயுர்வேத மருந்துகள், சத்து மாத்திரைகள், கடையில் நீங்களே வாங்கியவை ஆகியவற்றையும் விட்டுவிட வேண்டாம். மருந்து உட்கொள்ளும் காலத்தில் படபடப்போ மயக்கமோ ஏற்பட்டால் உடனே தெரிவியுங்கள். அச்சத்தால் எம்மருந்தையும் தாமாக நிறுத்த வேண்டாம். கணினியால் அறிய இயலாத அந்த எஞ்சிய பகுதியை, உங்களிடமிருந்தே நாங்கள் அறிந்துகொள்ள முடியும்.