எஞ்சின் எந்தக் காலத்தில் தட்டுகிறது?

“காலையில் காரைக் கிளப்பினால் ‘டிக் டிக்’ என்று சத்தம். ஐந்து நிமிடம் ஓடியதும் நின்றுவிடுகிறது. செல்போன் செயலியில் பதிவுசெய்தேன், டாப்பெட் கோளாறு என்றது. மெக்கானிக் எக்ஸாஸ்ட் மானிஃபோல்டு என்கிறார். யாரை நம்புவது?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

மெக்கானிக்கை நம்புங்கள். ஏன் என்பதில் அழகான அறிவியல் இருக்கிறது.

சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்வதாகச் சில செயலிகள் விளம்பரம் செய்கின்றன. செல்போனின் மைக் மனிதக் குரலுக்காகச் செய்தது. விடாமல் ஒரே சீராக வரும் ஒலியை இரைச்சல் என்று எண்ணி அமுக்குவதே பல போன்களின் வழக்கம். நமக்கு வேண்டியதோ அந்த இரைச்சல்தான். இதைவிடப் பெரிய குறை, ஒவ்வொரு தட்டும் விழும்போது எஞ்சின் தன் சுற்றில் எங்கே இருக்கிறது என்று செயலிக்குத் தெரியாது. சத்தத்தின் குரலைவிட அதன் தாளமே அதிகம் பேசும்.

ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடும் நான்கு சிலிண்டர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். கிராங்க் ஷாஃப்ட் விநாடிக்குச் சுமார் 13 முறை சுற்றும். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் மிகச்சரியாக அதில் பாதி, ஏழுக்கும் சற்றுக் குறைவு. நான்கு சிலிண்டரிலும் மாறி மாறி எரியும் பெட்ரோலின் வெடிப்புகளோ சுமார் 27. ஒன்று, இரண்டு, நான்கு! கர்நாடக இசையில் வேகம் இரட்டிக்க இரட்டிக்க முதல், இரண்டாம், மூன்றாம் காலம் என்பார்களே, அந்தக் கணக்கில் கேம் முதல் காலத்தில் போகிறது, கிராங்க் இரண்டாம் காலத்தில், எரிப்பு மூன்றாம் காலத்தில். ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் இந்தக் கணக்கு பிசகாது.

இனி மேடையில் யார் தட்டுகிறார் என்று பார்க்கலாம். முதல் காலத்தில் தனித்தனியாகக் காதில் விழும் மெல்லிய தட்டு, வால்வுப் பக்கத்து ஆள். இரண்டாம் காலத்தில், அடிவயிற்றிலிருந்து வரும் கனத்த இடி பெரும்பாலும் கிராங்க்கைப் பிடித்திருக்கும் பேரிங். ஒரு சிலிண்டர் எரியாமல் போனால் மூன்றாம் காலத்தில் நான்கில் ஒரு அடி விடுபடும், வண்டி குலுங்கும். ஃபேன் பெல்ட்டின் கீச்சொலி எந்தக் காலத்திலும் உட்காராது. பெல்ட் வழுக்கும், அது சுற்றும் சக்கரங்களின் அளவும் வேறு. கச்சேரிக்கு நடுவே மண்டபத்துக் கதவு கிறீச்சிடுவதைப் போல, அது தாளத்துக்கு வெளியே நிற்கும்.

வாசகரின் சிக்கல் இங்கேதான். வால்வைத் தட்டும் டாப்பெட் முதல் காலத்தில் ஒலிக்கும். சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மானிஃபோல்டின் கேஸ்கெட்டில் இடைவெளி இருந்தால், அந்த சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதெல்லாம் புகை ‘டிக்’ என்று பீறிடும். அதுவும் முதல் காலம்தான். இரட்டைப் பிள்ளைகளைப் பிரிக்க வெப்பம் உதவும். ஹைட்ராலிக் டாப்பெட்டில் எண்ணெய் ஏறச் சில விநாடிகள் போதும், அத்தோடு அது அடங்கிவிடும். திருகி இடைவெளி வைக்கும் பழைய வகை, சூடானாலும் எளிதில் அடங்காது. மானிஃபோல்டின் உலோகம் சூடாகி விரிந்து இடைவெளியை அடைக்கவோ சில நிமிடங்கள் ஆகும். வாசகர் சொன்ன ஐந்து நிமிடம் அதற்குப் பொருந்துகிறது.

ஒர்க்‌ஷாப்பில் இதை உறுதிசெய்ய இரண்டு எளிய கருவிகள் உண்டு. நீண்ட திருப்புளியின் முனையை எஞ்சினில் வைத்துப் பிடியைக் காதருகே எலும்பில் அழுத்தினால் உலோகத்தின் அதிர்வு ஏறிவரும். ரப்பர் குழாயைக் காதில் வைத்து மறுமுனையை மானிஃபோல்டு ஓரமாக நகர்த்தினால் காற்றின் சத்தம் வரும். டாப்பெட் திருப்புளியில் பேசும், புகைக் கசிவு குழாயில் பேசும். ஓடும் பெல்ட்டும் ஃபேனும் பக்கத்திலேயே இருப்பதால், பழகாதவர் இதில் இறங்க வேண்டாம்.

இப்படிக் குழாய் வைத்துக் கேட்பதன் வரலாறு சுருக்கமானது. பாரிஸ் மருத்துவர் லேனெக் 1816-இல் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். 1876-இல் பொறியாளர் ஓட்டோவின் நான்கு வீச்சு எஞ்சின் ஓடியது. இந்த இரண்டு செய்திகளும் சந்திக்கும் இடம் மெக்கானிக்கின் காது.

உண்மையாகவே கேட்கத் தெரிந்த கருவி ஒன்று இன்றைய பெட்ரோல் கார்கள் பலவற்றில் ஏற்கெனவே இருக்கிறது. அதன் பெயர் நாக் சென்சார், எஞ்சின் உடலில் திருகிய, அதிர்வை மின்சாரமாக்கும் ஒரு பீசோ படிகம். பெட்ரோல் தப்பான நேரத்தில் தானே வெடித்தால் சிலிண்டருக்குள் வாயு பக்கவாட்டில் அலைமோதும். 80 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டரில் அது விநாடிக்குச் சுமார் 7,000 அதிர்வுகள். எஞ்சின் கணினி எந்நேரமும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. ஒவ்வொரு சிலிண்டரும் எரியும் அந்தச் சிறு கணத்தில் மட்டும் காதைத் திறக்கும். எப்போது கேட்பது என்று அதற்குத் தெரியும், செயலிக்குத் தெரியாது.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். சத்தம் தானே நிற்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு, அதற்கு வாசனை கிடையாது. கனத்த இடியோடு ஆயில் விளக்கும் எரிந்தால் அங்கேயே எஞ்சினை அணையுங்கள். ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது ‘டிக் டிக்’ என்று நடித்துக் காட்டுவதோடு நிற்காமல், குளிரிலா சூட்டிலா, எத்தனை நிமிடம், மிதித்தால் கூடுகிறதா என்ற மூன்றையும் சொல்லுங்கள். மெக்கானிக்கின் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.