ஊர்ப்பேச்சு – 9: வேலி இல்லாத இடத்தில் ஓணான்

'வேலிக்கு ஓணான் சாட்சி.' தப்புச் செய்தவனுக்கு அவனுடைய கூட்டாளியே சாட்சி சொல்ல வந்தால் ஊரில் இப்படிச் சொல்வார்கள். கிடுகு வேலியும் கதியாலும் உள்ள வளவில் வளர்ந்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஓணான் குடியிருப்பதே வேலியில். அது வேலிக்கு எதிராக வாய் திறக்குமா?

வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில், பூச்சாடி உடைந்த வழக்கை விசாரித்த ஓர் அம்மம்மா இதைச் சொன்னார். உடைத்தது தங்கை என்று அண்ணன் சொல்கிறான். இல்லை என்று சாட்சி சொல்ல வந்தவள் தங்கையின் சிநேகிதி. "அம்மம்மா, ஓணான் எண்டால் என்ன?" என்று கேட்டான் பேரன். அவர் பதில் சொல்வதற்குள் அவனே, "ஓ, இவள்தான் ஓணான்!" என்றான். ஓணானையும் வேலியையும் காணாத பிள்ளைக்குப் பொருள் பிடிபட்டுவிட்டது. நடந்த சம்பவமே அவனுக்கு உரை.

'தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்' என்பதும் அப்படித்தான். தென்னை சில வருடங்களில் காய்க்கும். வடலி பனையாகிக் காய்க்கப் பத்துப் பதினைந்து வருடம் செல்லும். மகன் இருபது வருட வங்கிக் கடனில் வீடு வாங்கியபோது, 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வோடு கொழும்புக்கு வந்த ஒரு பெரியவர் இதைச் சொல்லிப் பெருமூச்சு விட்டார். பனங்காணியில் பிறந்த சொல்லுக்குக் காலி வீதியில் புது வேலை கிடைத்திருக்கிறது. துறைமுகத்துக்குப் பக்கத்துக் கொட்டாஞ்சேனையில், பரீட்சையில் தவறிய பிள்ளையைத் தேற்ற, 'கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே' என்கிறார்கள்.

தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி அச்சேற்றியவர்களில் முன்னோடி, யாழ்ப்பாணத்தில் பணிசெய்த வெஸ்லியன் மிஷனரி பீட்டர் பெர்சிவல். ஆறுமுக நாவலரைத் துணையாகக் கொண்டு பைபிளை மொழிபெயர்த்தவரும் அவரே. 1843இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த அவருடைய தொகுப்பு, 1874இல் சென்னையில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகளோடு விரிந்தது. பெரிய உழைப்பு, கையெடுத்துக் கும்பிட வேண்டியது. ஆனால் அகர வரிசையில் நிற்கும் அந்தச் சொற்களை ஆர், எந்த ஊரில், என்ன சண்டையில் சொன்னார்கள் என்று பெரும்பாலும் தெரியவில்லை.

அயர்லாந்தில் 1937 முதல் 1939 வரை வேறு விதமாகச் செய்தார்கள். நாட்டார் வழக்காற்று ஆணைக்குழு கேட்டுக்கொண்டபடி, ஆரம்பப் பாடசாலைகளின் மேல் வகுப்புப் பிள்ளைகள் ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர், தாத்தா பாட்டிமாரிடமும் அயலவரிடமும் கேட்டுக் கொப்பிகளில் எழுதினார்கள். பழமொழி, கைமருந்து, மழைக்குறி, பேய்க்கதை எல்லாம் உண்டு. சொன்னவர் பெயரையும் ஊரையும் சேர்த்தே பதிந்தார்கள். 'ஒருவர் நிழலில் ஒருவர் வாழ்கிறார்கள்' என்பது அந்த நாட்டுக் கிராமத்தார் வாயில் புழங்கும் சொல். நம் அம்மம்மாமார் கேட்டால் உடனே தலையாட்டுவார்கள்.

இங்கும் அப்படிச் செய்யலாம். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பாடசாலைகளில் ஆண்டு ஏழு, எட்டுப் பிள்ளைகளுக்கு வருகிற விடுமுறையில் ஆளுக்கொரு கொப்பி கொடுக்கலாம். பக்கத்துக்கு ஒரு பழமொழி. சொன்னவர் ஆர், பிறந்த ஊர் எது, என்ன நடந்தபோது சொன்னார். மூன்றாவது கேள்விதான் முக்கியம். அதைத் தவறவிட்டால் மிஞ்சுவது இன்னொரு அகராதி. எழுதிய கொப்பிகளை வைக்க 57ஆவது ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. வேலியும் துலாவும் வடலியும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இப்போது எண்பது வயது. ஆசிரியர்களே, தயவுசெய்து இந்த வருடமே தொடங்குங்கள். பிள்ளைகள் கேட்க வேண்டிய கேள்விகளை அடுத்த கிழமை தருகிறேன்.